பழைய மானிட்டர் இரண்டு, பாதிக் கண்ணாடி ஒன்று: வீட்டிலேயே 3டி திரை

கேள்வி இதுதான்: வீடு வியாசர்பாடியில், ஆபீஸில் கழித்துவிட்ட 22 இஞ்ச் எல்சிடி மானிட்டர் ஒரே மாடலில் இரண்டு கைவசம் இருக்கிறது, தியேட்டரிலிருந்து வந்த 3டி கண்ணாடியும் நாலைந்து இருக்கிறது. நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினால் போலரைஸ் முறையில் 3டி படம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பொருளில் மானிட்டர் மட்டும்தான் தேறும், அதையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். தியேட்டர் கண்ணாடி அநேகமாகத் தேறாது, ஜன்னல் கண்ணாடி நிச்சயமாகத் தேறாது. இந்த வேலையில் செலவும் கவனமும் போக வேண்டிய இடம் நடுவில் வைக்கிற அந்தக் கண்ணாடிதான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் அடிப்படை. எல்சிடி மானிட்டரிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிர்வது, பேனலின் முன்பக்கத் தாள் அப்படித்தான் வெளியே விடுகிறது. பழைய ஆபீஸ் மானிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன் என்ற பேனல் வகை, அவற்றில் அந்த ஒளி 45 டிகிரி சாய்ந்திருக்கும். இப்போது அதே மாடல் மானிட்டர் ஒன்றை நேராகவும் இன்னொன்றை ஒரு கண்ணாடியில் பிரதிபலித்தும் பாருங்கள். பிரதிபலிப்பில் இடவலம் மாறுவதால் இந்தப் பக்கம் சாய்ந்த 45 அந்தப் பக்கம் சாய்ந்த 45 ஆகிவிடும். அதாவது இரண்டு படமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் போலரைஸ் ஆகி, ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும், இதற்குத் தனியாக ஒரு பிலிம் கூட ஒட்ட வேண்டாம். இடது கண்ணுக்கு ஒரு சாய்வு, வலது கண்ணுக்கு எதிர்ச்சாய்வு உள்ள மூக்குக் கண்ணாடியைப் போட்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படம் மட்டும் போய்ச் சேரும். பிளானர் என்ற நிறுவனம் ஸ்டீரியோமிரர் என்ற பெயரில் விற்றது இதே அமைப்பைத்தான்.

மானிட்டரைச் சோதிக்கப் போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று போதும், அசல் போலரைஸ்டாக இருக்க வேண்டும். திரையை முழு வெள்ளையாக வைத்துவிட்டு, கூலிங் கிளாஸை முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு பக்கம் 45 டிகிரி சாய்த்தபோது கருத்துப்போய், எதிர்ப்பக்கம் சாய்த்தபோது பளிச்சென்று தெரிந்தால் உங்களுக்கு வேண்டிய மானிட்டர் அதுதான். நேராகப் பிடித்தபோதோ 90 டிகிரி திருப்பியபோதோ கருத்தால் அது பெரும்பாலும் ஐபிஎஸ் அல்லது விஏ என்ற வேறு வகைப் பேனல். அதில் பிரதிபலித்தாலும் திசை மாறாது, செங்குத்து செங்குத்தாகவே இருக்கும், இரண்டு படத்தையும் பிரிக்க வழியில்லை. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் மானிட்டர் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கூலிங் கிளாஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. மற்றவர்கள் ஐபிஎஸ் தேடும் கடையில் நாம் டிஎன் தேடுகிறோம், அதனால் விலையும் குறைவாகவே படியும்.

ஐபிஎஸ் ஜோடிதான் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. கால் அலை பிலிம், அதாவது குவார்ட்டர் வேவ் ரிட்டார்டர் தாள், இரண்டு திரை முன்னாலும் ஒரே மாதிரி 45 டிகிரியில் வைத்தால் ஒளி வட்டமாகச் சுழலும் வகைக்கு மாறும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் படத்துக்குச் சுழற்சி எதிர்த்திசையாகிவிடும், பிரிப்பு கிடைத்துவிடும். தியேட்டர் கண்ணாடியும் அப்போது பயன்படும். ஆனால் 22 இஞ்ச் திரையை மூடும் அளவுக்கு அந்தத் தாள் வாங்குவது செலவு, கடையில் சட்டென்று கிடைக்கிற பொருளும் இல்லை. டிஎன் ஜோடி கிடைக்கும்வரை பொறுப்பதே மேல்.

சரி, தியேட்டர் கண்ணாடி ஏன் ஆகாது? இன்று மல்டிபிளெக்ஸில் தருவது பெரும்பாலும் வட்டப் போலரைஸ் வகை, ரியல்டி முறை. நேர்கோட்டுப் போலரைஸ் ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும் அந்தக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் அதில் பாதியை உள்ளே விட்டுவிடும். இரண்டு கண்ணும் இரண்டு படத்தையும் சமமாகப் பார்க்கும், பிரிப்பு பூஜ்யம். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய, அதைப் போட்டுக்கொண்டு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் லென்ஸ் உங்களுக்கே கறுப்பாகத் தெரிந்தால் அது வட்ட வகை. திறந்த கண் தெளிவாகத் தெரிந்து, மூடிய கண்ணின் லென்ஸ் கறுப்பாக இருந்தால் நேர்கோட்டு வகை, அதுதான் நமக்கு வேண்டும். லினியர் போலரைஸ்டு 3டி கண்ணாடி என்று கேட்டால் ஆன்லைனில் அட்டை பிரேமிலும் பிளாஸ்டிக் பிரேமிலும் கிடைக்கிறது.

காசு செலவழிக்காமல் செய்யவும் முடியும். உடைந்த எல்சிடி பேனல் ஒன்று கிடைத்தால் அதன் போலரைசர் தாளை உரித்து எடுக்கலாம். முன்பக்கத் தாளில் கண் கூசாமல் இருக்கச் சொரசொரப்பான பூச்சு இருக்கும், அது படத்தை மங்கலாக்கும், பின்பக்கத் தாள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். டிஎன் பேனலின் தாளில் ஓரத்துக்கு இணையாக இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றை மட்டும் புரட்டிப் போட்டால் 45 ஒரு பக்கமும் 135 இன்னொரு பக்கமும் தானாக அமைந்துவிடும், கோணமானி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒட்டியிருக்கும் பசையைச் சுத்தம் செய்வதுதான் எரிச்சலான வேலை.

இனி நடுக் கண்ணாடி.

சாதாரண ஜன்னல் கண்ணாடி 45 டிகிரி சாய்வில் ஒளியில் ஒரு சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அது மட்டும் என்றால் கூட நேராகத் தெரியும் மானிட்டரை மங்கலாக்கிச் சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல், எல்லாத் திசைப் போலரைஸ் ஒளியையும் அது ஒரே அளவில் திருப்பாது. கண்ணாடிப் பரப்புக்கு இணையாக அதிரும் ஒளியில் ஏறக்குறைய 9 சதவீதம் திரும்பும், அதற்குச் செங்குத்தான திசையில் 1 சதவீதம் கூட வராது. 45 டிகிரி சாய்வில் வந்த ஒளி பிரதிபலித்த பிறகு கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் கிடக்கும், நம் மூக்குக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் அதை உள்ளே விடும். சுமார் 56 டிகிரிக்குப் போனால் புரூஸ்டர் கோணம், பிளஸ் டூவில் படித்ததுதான், அங்கே ஒரு திசை முழுசாகவே காணாமல் போகும். அதனால்தான் ஜன்னல் கண்ணாடி தேறாது என்று அடித்துச் சொல்கிறேன்.

வேண்டியது பூச்சு போட்ட பீம் ஸ்பிளிட்டர், பாதி ஒளியைத் திருப்பிப் பாதியை உள்ளே விடும் கண்ணாடி. நம் ஊரில் எளிதாகக் கேட்டு வாங்கக்கூடியது டெலிப்பிராம்ப்டர் கண்ணாடி. செய்தி வாசிப்பவர் முன்னால் கேமராவை மறைத்து எழுத்து ஓடுமே, அதற்குப் போடுகிற கண்ணாடி. 70/30, 60/40 என்று விகிதம் சொல்லி விற்பார்கள், 50/50க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. அளவு: 22 இஞ்ச் 16:10 திரையின் உயரம் சுமார் 30 செ.மீ., அதை 1.4ஆல் பெருக்கினால் 42 வரும், பிரேம் இடைவெளிக்குச் சேர்த்து 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 50 செ.மீ. போதும்.

தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகளில் விசாரித்தால் கட்டடத்துக்குப் போடும் ரிஃப்ளெக்டிவ் கிளாஸைக் காட்டுவார்கள். அதில் பெரும்பாலும் நிறச்சாயம் இருக்கும், ஒளியைக் குடித்துவிடும், நேராகத் தெரியும் மானிட்டர் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும். முயன்று பார்க்க மலிவான வழி, அவ்வளவுதான். அதைவிட மோசமானது காருக்கு ஒட்டும் சன் கன்ட்ரோல் பிலிமைச் சாதாரணக் கண்ணாடி மேல் ஒட்டுவது. அந்த பிலிம் பாலியெஸ்டர், அதாவது பெட். அது போலரைஸ் ஒளியைக் கலைத்துவிடும், ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு விதமாகத் திருப்பும். டஃபன்ட் கண்ணாடியும் வேண்டாம், சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்ததில் உள்ளே தங்கிய இறுக்கம் போலரைஸ் ஒளியில் புள்ளியும் பட்டையுமாகத் தெரியும். பாலிகார்பனேட் ஷீட்டைத் தொடவே தொடாதீர்கள்.

கடையிலேயே சோதித்துவிடலாம். போனில் வெள்ளைத் திரை வைத்து, அதன் மேல் அந்தக் கண்ணாடித் துண்டு, அதற்கு மேல் கூலிங் கிளாஸ். கூலிங் கிளாஸைத் திருப்பும்போது வெறுமனே கருப்பும் வெளிச்சமுமாக மாறினால் வாங்கலாம், வானவில் நிறமோ திட்டுத்திட்டாகவோ தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். போன் திரை முதலிலேயே கருக்கவில்லை என்றால் அது போனின் சங்கதி, வேறு போனில் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், காரணத்தைச் சொன்னால் அவரே இன்னும் நாலு துண்டு எடுத்து வந்து ஆர்வமாகப் பார்ப்பார்.

கண்ணாடிக்கு இரண்டு முகம் இருப்பதையும் மறக்க வேண்டாம். பூச்சு ஒரு முகத்தில்தான், மறுமுகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிரதிபலிக்கும். 3 மி.மீ. தடிமன் என்றால் அந்த இரண்டாவது நிழல் 2 மி.மீ.க்குச் சற்று மேல் தள்ளி விழும், 5 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 4 மி.மீ. தள்ளும். மெல்லிய எழுத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் வளையாமல் நிற்கும் அளவுக்கு எவ்வளவு மெல்லிசாகக் கிடைக்குமோ அதை எடுங்கள், பூச்சு முகம் உங்களைப் பார்க்கிற பக்கம் இருக்கட்டும், மறுமுகத்தில் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி நிறுத்துவது. தலைக்கு மேல் ஒரு மானிட்டரைத் தொங்கவிடுகிற வடிவமும் உண்டு, ஆனால் வீட்டில் கட்டுவதற்கு இரண்டாவது மானிட்டரை மேசையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் எளிது, எடை மேசையில் இறங்கிவிடும். ஒரு மானிட்டர் நேராக நிற்கும், அதன் காலடியில் மற்றது வானம் பார்த்துப் படுத்திருக்கும், பாதிக் கண்ணாடி இரண்டும் சேரும் மூலையிலிருந்து கிளம்பி 45 டிகிரியில் உங்கள் பக்கம் சாய்ந்து வரும். படுக்க வைக்கும் மானிட்டரின் தலைப்பக்கம் உங்களை நோக்கி இருக்க வேண்டும், இது முக்கியம். டிஎன் பேனல் மேலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, கீழிருந்து பார்த்தால் வேறு மாதிரி நிறம் காட்டும். தலைப்பக்கம் உங்கள் பக்கம் இருந்தால் பிரதிபலித்த படத்தின் தலையும் மேலே வரும், இரண்டு மானிட்டரின் நிறக்கோணமும் ஒத்துப்போகும், சாஃப்ட்வேரில் இடவலம் மாற்றினால் மட்டும் போதும். சட்டத்துக்கு அலுமினிய ஆங்கிளும் பிளைவுட்டும் போதும். மேலே ஒரு கறுப்பு அட்டை மூடியும் இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் பேப்பரும் வையுங்கள், இல்லையென்றால் டியூப்லைட் வெளிச்சம் மேலிருந்து கண்ணாடி வழியாக இறங்கிப் படுத்திருக்கும் திரையில் விழும்.

மூலையில் சேர வேண்டியவை திரையின் பரப்புகள்தான், பிளாஸ்டிக் பிரேம் இல்லை. இரண்டு மானிட்டரிலும் ஒரே கட்டப் படத்தைப் போட்டு, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொண்டே அடியில் விசிட்டிங் கார்டு செருகிச் செருகிச் சரிசெய்யுங்கள். கிடைமட்டத்தில் சிறு பிசகு இருந்தால் படத்தை நகர்த்திச் சமாளிக்கலாம். மேலும் கீழுமாக விலகினால் கண் உடனே வலிக்கும், ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்க்க மனிதக் கண்ணுக்குப் பழக்கமில்லை. இந்த இடத்தில் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் நிழல் படம், அதாவது ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்கு லேசாகக் கசிவது. நல்ல பீம் ஸ்பிளிட்டரும் இரு திசையையும் சமமாகப் பிரிக்காது. உதாரணமாக ஒரு திசையில் 60 திருப்பி 40 விட்டு, மறு திசையில் 40 திருப்பி 60 விட்டால், இரண்டு படத்தின் போலரைஸ் கோடும் ஏறக்குறைய 6 டிகிரி ஒரே பக்கமாகத் திரும்பிவிடும். இதில் நமக்குச் சாதகமான விஷயம், இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருக்கும். ஆகவே படத்தைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்ல ஒரு பக்கம் சாயுங்கள், ஏதோ ஒரு சாய்வில் நிழல் மறையும். அந்தக் கோணத்துக்கு மூக்குக் கண்ணாடியின் பிலிமைத் திருப்பி ஒட்டினால் தலையை நேராக வைத்தே பார்க்கலாம். அட்டை பிரேமை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான். நேர்கோட்டு முறையில் தலை சாயக் கூடாது என்பது பொதுவான நிபந்தனை: மாலஸ் விதிப்படி 10 டிகிரி சாய்ந்தால் 3 சதவீதம் கசியும், 20 டிகிரிக்கு 12 சதவீதம். 3 சதவீதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், 12ஐ முடியாது.

சாஃப்ட்வேரில் பெரிய வேலை இல்லை. டெஸ்க்டாப்பை இரண்டு மானிட்டருக்கும் நீட்டி, பக்கம் பக்கமாக இருக்கும் படத்தை இரண்டிலும் பரவவிட்டால் இடது பாதி ஒன்றிலும் வலது பாதி மற்றதிலும் விழும். படுத்திருக்கும் மானிட்டருக்குப் போகும் பாதியை மட்டும் இடவலம் மாற்ற வேண்டும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் சுழற்றத்தான் வழி இருக்கிறது, பிம்பமாக மாற்ற வழியில்லை. லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் ரிஃப்ளெக்ட் எக்ஸ் என்று கொடுத்தால் ஒரு மானிட்டர் மட்டும் மாறிவிடும். விண்டோஸில் புகைப்படத்துக்கு ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் இலவசம், படங்களை ஒத்திசைப்பதற்கே அதை வைத்துக்கொள்ளலாம். வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒரு பாதியை முன்கூட்டியே திருப்பி ஒரு ஃபைலாக எழுதிவிடுவது நிம்மதி. போட்டுப் பார்த்ததும் தூரத்தில் இருப்பது கிட்டேயும் கிட்டே இருப்பது தூரத்திலும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இடதும் வலதும் மாறியிருக்கிறது, இரண்டு படத்தையும் சாஃப்ட்வேரில் இடம் மாற்றிப் போடுங்கள்.

வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: புரொஜெக்டர் இரண்டு வைத்துச் செய்யலாம், ஆனால் வெள்ளைச் சுவரும் சாதாரணத் திரையும் போலரைஸ் ஒளியைக் கலைத்துவிடும், சில்வர் ஸ்கிரீன் வேண்டும். இரண்டு கண்ணையும் மாறி மாறி மறைக்கும் ஷட்டர் கண்ணாடி முறையில் என்விடியாவின் 3டி விஷன் ஆதரவு 2019இல் நின்றுபோனது. எல்ஜி போலரைஸ் 3டி டிவி பழையது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், 2017இல் அவர்கள் 3டியைக் கைவிட்டார்கள், ஆனால் அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகள்தான் வரும். இரண்டு மானிட்டர் முறையில் இரண்டு கண்ணுக்கும் முழுப் படம் கிடைக்கிறது, அசையாப் படங்களுக்கு இதன் தெளிவுக்கு ஈடு இல்லை என்பது என் முடிவான கருத்து.

ராயபுரம், காசிமேடு பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் காற்றில் இருக்கும் உப்பு அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும், முடிந்தவரை டைஎலெக்ட்ரிக், அதாவது உலோகம் கலக்காத பூச்சு போட்டதையே கேளுங்கள், பார்க்காத நேரத்தில் துணி போட்டு மூடுங்கள். பூச்சு முகத்தைச் செய்தித்தாளால் துடைக்கக் கூடாது. ஊதி தூசியை விரட்டிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் டிஸ்டில்டு வாட்டர் தொட்டு அழுத்தாமல் எடுங்கள்.

திரை தயாரானதும் என்ன பார்ப்பது? இணையத்தில் கிடைப்பதைவிட நீங்களே எடுத்த படம்தான் இதில் பேசும். கேமராவை இடமிருந்து வலம் நகர்த்தி இரண்டு படம் எடுங்கள், நகர்த்தும் தூரம் கிட்டத்தில் இருக்கும் பொருளின் தூரத்தில் 30இல் 1 பங்கு. 2 மீட்டரில் ஆள் நின்றால் ஆறரை செ.மீ., அது நம் கண்களின் இடைவெளிதான். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது, அந்தத் தூண் வரிசையை ஓரத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு தூணும் தனித்தனி ஆழத்தில் நிற்கும், தட்டையான படத்தில் அது ஒருநாளும் வராது. கட்டடம் அசையாது, அதனால் ஒரே போனில் அடுத்தடுத்து எடுக்கலாம். காசிமேடு துறைமுகத்தில் அது நடக்காது, படகு ஆடும், தண்ணீர் நெளியும், வலை சுமப்பவர் அடுத்த படத்துக்குள் இரண்டடி போயிருப்பார். அங்கே ஒரே மாதிரி போன் இரண்டை ஒரு பட்டையில் பொருத்தி, ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்.

எந்தப் படமானாலும் ஒன்றைப் பாருங்கள்: இரண்டு படத்திலும் ஒரே பொருள் திரையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. 70 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு டிகிரிக்குள் இருந்தால் கண்ணுக்குச் சுகம், 22 இஞ்ச் திரையில் அது சுமார் 40 பிக்சல். தொலைதூரப் பொருளின் விலகல் 220 பிக்சலைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டி வரும், அப்படிப்பட்ட படத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாறுகண் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் எவ்வளவு சரியாகக் கட்டினாலும் ஆழம் தெரியாமல் போகலாம், அவர்களிடம் "இன்னும் உற்றுப் பாருங்க" என்று வற்புறுத்த வேண்டாம். மற்றபடி மானிட்டர் சோதனையை இன்றைக்கே செய்துவிடலாம், அது 45 டிகிரியில் கருத்தால் அடுத்து பீம் ஸ்பிளிட்டர் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள்.